குப்பைமேடும் வரலாறும்: உரோமர் கால அன்றாடப் பொருள்கள், தமிழ்க்கரை, பெர்ணம் பள்ளத்தாக்கு

முன்னுரை

சிலிம் ரிவர் என்னும் ஊர்ப்பெயர் உலக வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரே ஒரு நாளுக்காகவே இடம்பெறுகிறது. 1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் விடியுமுன் சப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியாகப் புகுந்து, 11ஆம் இந்தியப் படைப்பிரிவைச் சில மணி நேரத்தில் சிதறடித்தன. அந்நாளின் நிகழ்வுகளை மணிக்கணக்கில் விவரிக்கும் நூல்கள் உள்ளன. ஆனால் அதே சாலையின் இருமருங்கிலும் இருந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்கள் எந்தப் பாத்திரத்தில் சமைத்தனர், எந்த விளக்கொளியில் பால்வெட்டச் சென்றனர், எதைக்கொண்டு பொழுதுபோக்கினர் என்று வினவினால் அந்நூல்களில் விடை இல்லை.

உரோம நாட்டு வரலாறும் நெடுங்காலம் இத்தகைய நிலையிலேதான் இருந்தது. பேரரசர்கள், போர்கள், சட்டங்கள் ஆகியவையே அதன் உள்ளடக்கம். அடுப்படியும் அங்காடியும் அதில் இடம்பெறத் தொடங்கியது, அகழாய்வாளர்கள் குப்பைமேடுகளைக் கிளறத் தொடங்கிய பின்னரே ஆகும். அவ்வாறு கிளறியபோது உரோமருடைய வாழ்க்கை மட்டும் வெளிப்படவில்லை. அவர்களோடு வணிகம் செய்த தமிழருடைய பெயர்களும் பொருள்களும் உடன் வெளிப்பட்டன.

உரோமர் காலத்து விந்தையான சில அன்றாடப் பொருள்களை எடுத்துக்கொண்டு, அவை தமிழ்க்கரையோடும் அதன்வழி மலாயாத் தீபகற்பத்தோடும் கொண்டுள்ள தொடர்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அரசன் எழுதுவித்த கல்வெட்டைப் போலவே, எளியவன் உடைத்தெறிந்த பானையும் வரலாற்றுச் சான்றாகும் என்பதே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்து. இக்கருத்து தோட்டப்புறத் தமிழர்தம் வரலாற்றுக்கு எவ்வகையில் உடனடியாகத் தேவைப்படுகிறது என்பதையும் இறுதியில் காண்போம்.

உரோமர் வீட்டுப் பொருள்கள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி, எர்க்குலேனியம் ஆகிய நகரங்கள் சாம்பலுக்குள் புதைந்தன. எர்க்குலேனியத்தில் ஒரு ரொட்டி கரியாகி, வடிவம் குலையாமல் கிடைத்துள்ளது. அதன்மேல் ஒரு முத்திரை பதிந்துள்ளது. குவிண்டஸ் கிரானியஸ் வேரஸ் என்பாரின் அடிமையாகிய செலர் என்பவனுக்குரியது என்பதே அம்முத்திரை தரும் செய்தி. பொது அடுப்பில் பல வீட்டு ரொட்டிகள் ஒருங்கே சுடப்படுங்கால் ஒன்றோடொன்று மாறிவிடாதிருக்கவே இத்தகைய முத்திரைகள் பயன்பட்டன எனக் கருதுவர். ஓர் அடிமையின் பெயர் 1,900 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது ஒரு ரொட்டியின் துணையால்தான்.

உரோம் நகரத்திற்குள் மாந்தே தெஸ்தாச்சோ என்றொரு குன்று உள்ளது. அது இயற்கைக் குன்றன்று. ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்திற்குக் குவிந்த ஓட்டுக் குவியல். ஒலிவ எண்ணெய் கொண்டுவந்த ஆம்போரா என்னும் இருகாதுச் சாடிகள், எண்ணெயை வடித்தபின் மறுபயன்பாட்டிற்கு ஏலாமையால் அங்கே உடைத்து அடுக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை பல கோடி என மதிப்பிடப்படுகிறது. அச்சாடிகள் பலவற்றில் ஏற்றுமதியாளர் பெயர், எடை, ஆண்டு முதலியன மையால் எழுதப்பட்டுள்ளன. ஒரு பேரரசின் உணவு வழங்கல் முறையை இக்குப்பையிலிருந்தே அறிஞர்கள் மீட்டெடுத்துள்ளனர்.

பேரரசின் வட எல்லையாகிய பிரித்தானியத் தீவில் விந்தோலாந்தா என்னும் கோட்டை இருந்தது. 1973 முதல் அங்குள்ள ஈரமண்ணில் மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய ஓலைகள் கிடைத்து வருகின்றன. காற்றுப் புகாத சேற்றில் கிடந்தமையால் அவை மட்காமல் தப்பின. கிளாடியா செவேரா என்னும் பெண்மணி தம் பிறந்தநாள் விழாவிற்குத் தோழியை அழைத்து ஏறத்தாழ கி.பி. 100இல் விடுத்த மடல் அவற்றுள் ஒன்று. காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதைத் தெரிவிக்கும் மடல் மற்றொன்று. உரோமப் படையின் வெற்றிகளைப் பாடும் நூல் எதுவும், அவ்வீரனுடைய கால் குளிரால் விறைத்த செய்தியை நமக்குச் சொல்லவில்லை.

பொருள் கிடைத்தும் பயன் விளங்காத நிலையும் உண்டு. பன்னிரு முகங்களும், முகந்தோறும் வெவ்வேறு அளவிலான துளையும், மூலைதோறும் குமிழும் கொண்ட வெண்கலப் பொருள்கள் பிரித்தானியம், பிரான்சு, செருமனி முதலிய பகுதிகளில் நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. அளவுகோல், மெழுகுவத்தித் தாங்கி, குறிசொல்லும் கருவி எனப் பலவாறாக ஊகித்துள்ளனர். அக்கால இலக்கியம் எதுவும் அதனைக் குறிப்பிடவில்லையாதலால் எந்த ஊகமும் உறுதிபெறவில்லை. பொருளைப் பயன்படுத்தியோர் அதன் பெயரையும் பயனையும் பதிவு செய்யாவிடின், பொருள் மட்டும் எஞ்சினாலும் அறிவு எஞ்சுவதில்லை. இதனை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இனிமையற்ற சான்றுகளும் உள. தப்பியோடிய அடிமையைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைப்பவருக்குப் பொற்காசு பரிசாகக் கிடைக்கும் என்று பொறித்த தகடு தொங்கும் இரும்புக் கழுத்து வளையம் ஒன்று உரோம் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அன்றாட வாழ்க்கை என்பது விருந்தும் விளையாட்டும் மட்டுமன்று என்பதற்கு அவ்வளையமே சான்று.

மிளகு வழிவந்த உறவு

இவ்வுரோமர் வாழ்க்கைக்கும் தமிழ்க்கரைக்கும் நேரடித் தொடர்பை உண்டாக்கிய பொருள் மிளகு. மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் ஒரு இராத்தல் நெடுமிளகு, அதாவது திப்பிலி, 15 தெனாரியஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4 என விலைப்பட்டியல் தருகிறார். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தைப் பேரரசிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்று வருந்தியவரும் அவரே. கி.பி. 92 அளவில் தொமிசியன் என்னும் பேரரசன் உரோம் நகரின் நடுவே மிளகுக்கெனவே பண்டகசாலை எழுப்பினான்.

இச்செய்திகளைப் படிப்போர் மிளகு செல்வர்களின் உணவுமேடைக்கே உரியதாயிருந்தது என எண்ணக்கூடும். ஆயின் மேற்சுட்டிய விந்தோலாந்தா ஓலைகளுள் ஒன்று வேறு செய்தியைத் தருகிறது. கம்பாக்ஸ் என்னும் பெயருடையவன் மிளகுக்காக 2 தெனாரியஸ் கொடுக்க வேண்டியதை அக்கணக்கோலை குறித்து வைத்துள்ளது. தென்னிந்திய மலைச்சாரலில் விளைந்த மிளகு, அரபிக்கடலையும் செங்கடலையும் நைல் ஆற்றையும் நடுநிலக்கடலையும் கடந்து, பனிபொழியும் எல்லைக் கோட்டையில் ஒரு சாதாரண மனிதனின் கணக்கில் ஏறியிருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ன் என்னும் ஊரில் 1992இல் கிடைத்த புதையலில் வெள்ளியாலான மிளகுப்பொடிச் சிமிழ்கள் நான்கு இருந்தன. அவற்றுள் ஒன்று உயர்குடிப் பெண்ணின் மார்பளவு உருவமாக அமைந்தது. அதன் அடிப்பகுதியைத் திருப்பினால் மிளகு கொட்டுவதற்கேற்பத் துளைகள் திறக்கும்.

இவ்வணிகத்தின் சட்ட ஒழுங்கைக் காட்டுவது வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரசு ஆவணம். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இந்த ஒப்பந்தம் 1985இல் வெளியிடப்பட்டது. எர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த யானைத் தந்தம், கங்கைச் சடாமாஞ்சி முதலியவற்றின் எடையும் மதிப்பும் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. இவ்வாறு வந்திறங்கும் பொருள்களுக்கு உரோம அரசு கால்பங்கு சுங்கம் பெற்றது. முசிறியில் யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை அகநானூறு குறிப்பிடுவதையும், யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுவதையும் தமிழாசிரியர் நன்கறிவர். இலக்கியமும் ஆவணமும் தனித்தனியே எழுந்து ஒரே உண்மையைச் சுட்டுவது வரலாற்றாய்வில் அரிதாக வாய்க்கும் பேறாகும்.

தமிழ்க்கரையில் கிடைத்தவை

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு நடத்தினார். இத்தாலிய அரெட்டைன் செம்மண்கலத் துண்டுகளும், ஆம்போரா உடைசல்களும், விளக்கின் பகுதிகளும் அங்கே கிடைத்தன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. ஆம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கிரேக்கத் தீவாகிய கோசின் மது மட்டுமன்றி ஒலிவ எண்ணெயும், காரம் என்னும் மீன்சாறும் வந்தமையைக் கண்டறிந்தார். மது தமிழரும் விரும்பிய பொருள். ஒலிவ எண்ணெயும் மீன்சாறுமோ இங்கு வந்து தங்கிய மேலை நாட்டார் தம் சொந்த ஊர்ச் சுவையைக் கைவிட மனமின்றி வரவழைத்தவையாதல் வேண்டும். புலம்பெயர்ந்தோர் எக்காலத்தும் நாவினால் தாய்நாட்டை நினைப்பர் என்பது மலாயாத் தமிழராகிய நமக்குப் புதிய செய்தியன்று.

அரிக்கமேட்டுச் சான்றுகளைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. அங்கு மிகுதியாகக் கிடைத்த உருளைப்பதிவு வேலைப்பாடமைந்த மட்கலங்களை மேலைநாட்டு இறக்குமதி என வீலர் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதனை மறுத்தன. அக்கலங்களின் மண் இந்தியத் துணைக்கண்டத்தது. மண்ணின் கனிமக்கூறுகளை ஆராய்ந்த கோக்டே அது கீழைக் கங்கைச் சமவெளிக்குரியது என்றார். அழகிய பொருளைக் கண்டவுடன் அயலார் செய்தது என்று முடிவுகட்டிவிடும் மனப்போக்கு ஆய்வாளரையும் விட்டதில்லை.

கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் பி. ஜே. செரியன் தலைமையில் நடைபெற்ற அகழாய்வில் ஆம்போரா உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மிளகும், ஒரே மரத்தைக் குடைந்து செய்த படகும் உடன் கிடைத்தன. இவ்வூரே பண்டைய முசிறி என்பது பலர் கருத்து. இதனை ஏற்காதாரும் உளர். மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் தந்தத்தாலான பகடைக்காய்களும், ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் வெளிவந்துள்ளன. உரோமப் படைவீரரும் எலும்பாலும் தந்தத்தாலும் பகடை செய்து ஆடியோரே. பகடைக்குப் பொதுத்தன்மை உண்டு. சில்லு நமக்கு மேலும் நெருக்கமானது. தோட்டத்து லயன் வீடுகளின் முன்றிலில் கட்டம் கீறிச் சில்லுக்கோடு ஆடிய சிறுமியர், இரண்டாயிரம் ஆண்டு மரபொன்றைத் தாம் அறியாமலே பேணி வந்தனர்.

செங்கடற் கரையில் தமிழ்ப் பெயர்கள்

யவனர் இங்கு வந்ததை மட்டும் பேசினால் வணிகத்தின் ஒரு பாதியே விளங்கும். தமிழர் அங்குச் சென்றமைக்கும் சான்றுகள் உண்டு. அவையும் குப்பையிலிருந்தே கிடைத்தன.

எகிப்து நாட்டின் பெரனிகே துறைமுகத்தில் 1995இல் ஆம்போரா உடைசல் ஒன்று கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த அதில் கொற்றன் என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டுள்ளது. அதே துறைமுகத்தின் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த பெருஞ்சாடியொன்றில் ஏழரைக் கிலோகிராமுக்கும் சற்று மிகுதியான மிளகு கண்டெடுக்கப்பட்டது. தேக்கு, தேங்காய், அரிசி, பாசிப்பயறு ஆகியவற்றின் எச்சங்களும் உள. வளர்ப்பு விலங்குகளைப் புதைத்த இடுகாடு ஒன்றில் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட குரங்குகளின் எலும்புகளையும் அடையாளம் கண்டுள்ளனர். கடல்கடந்து சென்ற குரங்கைப் பேணி வளர்த்து, இறந்தபின் முறையாக அடக்கம் செய்தவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவருடைய பரிவு மட்டும் கிட்டியுள்ளது.

பெரனிகேக்கு வடக்கே உள்ள குசைர் அல் காதிம் என்னும் இடமே பண்டைய மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம். அங்குக் கணன், சாதன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் முன்னரே கிடைத்திருந்தன. பின்னர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் சாடித் துண்டொன்று கிடைத்தது. அதன் இருபுறமும் எழுதப்பட்டிருந்த சொற்களைப் ‘பானை ஒறி’ என ஐராவதம் மகாதேவன் 2007இல் படித்தறிந்தார். பானையைத் தொங்கவிடும் கயிற்றுவலையாகிய உறியே அச்சொல் சுட்டும் பொருள்.

இச்சான்றின் சிறப்பை நாம் ஆழ்ந்து நோக்குதல் தகும். இதில் மன்னன் புகழ் இல்லை. கொடைச் செய்தி இல்லை. சமையற்கட்டில் எறும்புக்கும் எலிக்கும் எட்டாமல் உணவைத் தொங்கவிடும் எளிய பொருளின் பெயர் மட்டுமே உள்ளது. தாய்மொழியில் எழுதத் தெரிந்த ஒரு தமிழர், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், செங்கடற் கரையில் புழங்கிய பானையில் வீட்டுச் சொல்லொன்றை விட்டுச் சென்றுள்ளார். அச்சொல் இன்றைய தமிழிலும் வழங்குகிறது. உறியடி என்றால் நம் மாணவர்க்கும் விளங்கும். எழுத்தறிவு அரண்மனைக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதற்கு இதனினும் எளிய, வலிய சான்று வேண்டுவதில்லை.

கிழக்கு நோக்கிய பாதை

இவ்வணிகம் தமிழ்க்கரையோடு முடிந்துவிடவில்லை. கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடற்பயண நூல், தமிழ்க்கரைத் துறைகளிலிருந்து பொன்னாடு எனப்பட்ட கீழ்த்திசைக்குச் சென்ற பெருங்கலங்களைக் குறிப்பிடுகிறது. கி.பி. 150 அளவில் தாலமி தம் நிலநூலில் பொன் தீபகற்பம் எனக் குறித்தது மலாயாத் தீபகற்பத்தையே என்பர். பட்டினப்பாலையில் வரும் காழகத்திற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் கொண்டதும் ஈண்டுக் கருதத்தக்கது.

தென்தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் உள்ள குலோங் தோம் என்னும் ஊரில் மணி செய்யும் தொழிற்கூடம் இருந்தது. உரோம மரபு உருவங்கள் குடைந்த சூதுபவள முத்திரைகள் அங்குக் கிடைத்துள்ளன. அவற்றோடு சிறியதோர் உரைகல்லும் கிடைத்தது. பொன்னின் மாற்றைச் சோதிக்கும் அக்கல்லில் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என எழுதப்பட்டுள்ளது. பெரும்பத்தனுடைய கல் என்பது பொருள். நகைத்தொழில் செய்வோரைப் பத்தர் என இன்றும் நாம் அழைக்கிறோம். கடல்கடந்து பிழைக்கச் சென்ற பொற்கொல்லர் ஒருவர், தம் கருவி பிறருடைய கருவியோடு கலந்துவிடாதிருக்கப் பெயரெழுதி வைத்தார். ரொட்டியில் முத்திரையிட்ட செலரின் செயலும் இத்தகையதே.

வியட்நாமின் ஓக் இயோவில் லூயி மலரே 1944இல் நடத்திய அகழாய்வில் அந்தோனினஸ் பியஸ் காலத்துப் பொற்பதக்கம் வெளிவந்தது. நம் நாட்டிலோ, பெர்லிஸ் மாநிலத்தின் புக்கிட் தெங்கு லெம்புக் குகையில் கிடைத்த கருநிறப் பளபளப்போடுகளைத் தொடக்கத்தில் கிரேக்க நாட்டவை எனச் சிலர் கருதினர். பிற்கால ஆய்வு அவற்றை இந்திய மட்கல வகையோடு சேர்த்தது. அரிக்கமேட்டில் நேர்ந்த திருத்தமே இங்கும் நேர்ந்துள்ளது. ஆகவே மலேசியாவில் உரோமப் பொருள் என்ற சொல்லை ஆளுங்கால் மிகுந்த கவனம் வேண்டும். உரோமரை நம் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை. உரோமரோடு வணிகம் செய்த அதே இந்தியக் கைவினைஞரின் ஆக்கங்கள் இங்கு வந்துள்ளன என்பதே போதிய பெருமையுடைய செய்தியாகும்.

பெர்ணம் பள்ளத்தாக்கின் கற்பலகைக் கல்லறைகள்

பேராக் மாநிலக் கடற்கரையில் கோல செலின்சிங் என்னும் சதுப்புநிலப் பகுதியில் ஐவர் எவன்ஸ் நடத்திய ஆய்வில் மணிகள் செய்யும் மக்களின் குடியிருப்பு வெளிப்பட்டது. ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த சூதுபவள முத்திரையும் அங்குக் கிடைத்தது. இவ்விடம் பலராலும் அறியப்பட்டது. ஆனால் சிலிம் ரிவருக்கு மிக அண்மையிலுள்ள மற்றொரு சான்றுத் தொகுதி நம் ஆசிரியர்களிடையே போதிய கவனம் பெறவில்லை.

சிலிம் ஆறு சென்று கலக்கும் பெர்ணம் ஆறு பேராக்கிற்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடுகிறது. இப்பள்ளத்தாக்கிலும் அதனை அடுத்த சுங்கை வட்டாரத்திலும், பெரிய கற்பலகைகளை நிறுத்திப் பெட்டி போல் அமைத்த கல்லறைகள் கண்டறியப்பட்டன. சங்காட் மந்திரி அவ்விடங்களுள் ஒன்று. 1920களில் எவன்சும் 1930களில் காலிங்சும் அவற்றை ஆராய்ந்தனர். இரும்புக் கருவிகள், மட்கல உடைசல்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள் ஆகியவை அவற்றுள் இருந்தன. தமிழகத்தின் பெருங்கற்காலக் கல்லறைகளைக் காட்சியில் இவை நினைவூட்டினும், அவ்வொற்றுமை ஒன்றையே கொண்டு இவற்றைக் கட்டியோர் தமிழர் எனத் துணிதல் முறையன்று. இவை இம்மண்ணின் மக்கள் தம் முன்னோர்க்கு எடுத்த ஈமச்சின்னங்கள் எனக் கொள்வதே பொருந்தும். சூதுபவள மணிகளோ இந்தியக் கைவினை மரபோடு நெருங்கிய தொடர்புடையன. கொங்குநாட்டுக் கொடுமணலிலும் இத்தகைய மணிகள் செய்யப்பட்டமையை அகழாய்வு காட்டியுள்ளது.

இம்மணிகள் பெர்ணம் பள்ளத்தாக்கிற்கு எதற்கு விலையாக வந்தன? ஈயம், பொன், காட்டுப்பொருள்கள் ஆகியவை இப்பகுதியின் செல்வங்கள் என்பதை எண்ணினால் விடையை ஒருவாறு உணரலாம். பலர் கைமாறி, ஆற்றுவழியே மேலேறி வந்த மணியை ஒருவர் வாழ்நாளெல்லாம் அணிந்திருந்தார். இறந்தபின் அவர் உறவினர் அதனை அவரோடு வைத்தனர். உரோம நகரத்துச் சீமாட்டியின் விரலில் இருந்த சூதுபவள முத்திரையும், பெர்ணம் ஆற்றங்கரை மாந்தரின் கழுத்தில் இருந்த சூதுபவள மணியும் காலத்தால் வேறுபடலாம். எனினும் ஒரே கடல்வழி மரபின் மேற்கு முனையும் கிழக்கு முனையுமாக அவை விளங்குகின்றன.

இச்சான்றுகள் இருவகைத் தவறுகளைத் திருத்த உதவும். இந்நாட்டிற்கும் இந்தியாவிற்கும் உள்ள தொடர்பு இரப்பர்த் தோட்டக் கூலிகளோடுதான் தொடங்கியது என்பது ஒரு தவறு. பழங்காலத்தில் இங்கிருந்த அனைத்தும் நாமே கொணர்ந்தவை என்பது அதற்கு நேர்மாறான தவறு. பெரும்பத்தனின் உரைகல்லும் பெர்ணம் மணிகளும் இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள உண்மையைக் காட்டுகின்றன: கைத்தொழிலாளரும் வணிகரும் வந்தனர், இங்கிருந்த மக்கள் தமக்கு வேண்டியதைத் தம் விருப்பப்படி ஏற்றுக்கொண்டனர்.

தோட்டத்துப் பொருள்கள்

குப்பையும் கல்லறையும் தரும் பாடத்தை இனி நம் காலத்தோடு பொருத்திக் காண்போம். கங்காணி முறை 1938இல் முடிவுற்றது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் மரங்கள் செம்பனைக்கும், செம்பனை வீட்டுமனைகளுக்கும் இடம்விட்டன. லயன் வீடுகள் இடிந்தபோது அவற்றினுள் இருந்த பொருள்களும் எறியப்பட்டன.

பால் சேர்த்த மங்கு, பால்வெட்டும் உளி, காண்டா வாளி, விடியலிருளில் நெற்றியில் கட்டிய விளக்கு, அம்மி, உரல், உறி, ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டி, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட செக்ரோல் ஏடு, ஊருக்குப் பணம் அனுப்பிய சீட்டு, சிவப்பு அடையாள அட்டை ஆகியன நமக்கு ஆம்போராவுக்கும் விந்தோலாந்தா ஓலைக்கும் நிகரானவை. செக்ரோல் ஏட்டில் ஒருவர் எத்தனை நாள் உழைத்தார், எவ்வளவு பிடித்தம் போக எவ்வளவு பெற்றார் என்பன வரிவரியாக இருந்தன. உரோம அடிமையின் நிலையும் தோட்டத் தொழிலாளியின் நிலையும் ஒன்றல்ல; அவ்வாறு ஒப்பிடுதல் இருவர் துன்பத்தையும் சரியாக அறிய இடந்தராது. ஆயினும் எழுதும் அதிகாரம் பிறரிடம் இருந்தமையால் தம் வரலாற்றைத் தாமே எழுத வாய்ப்பற்றோர் என்ற வகையில் இருவரையும் அவரவர் பொருள்களின் வாயிலாகவே நாம் அறிய முடியும்.

பன்னிருமுக வெண்கலப் பொருளின் நிலை இவற்றுக்கும் நேரக்கூடும். மங்கு ஓர் அருங்காட்சியக அலமாரியில் எஞ்சலாம். ஆனால் அதனைக் கவிழ்த்து வைப்பது எப்போது, ஒட்டுப்பாலும் கட்டுப்பாலும் எவ்வாறு வேறுபட்டன, மழைநாளில் கூலி என்னவாயிற்று என்பவற்றைச் சொல்லக்கூடிய தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. பெயரும் பயனும் பதிவாகாத பொருள், நூறாண்டு கழித்து வெறும் பீங்கான் கிண்ணமாகவே நிற்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பணியாகவே செய்யவியலும். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியர் வீட்டிலுள்ள ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் பெயர், அது செய்யப்பட்ட பொருள், பயன்படுத்தியவர், தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, அதனைப் பற்றிப் பெரியவர் கூறிய சொற்கள் ஆகிய ஆறினையும் ஒரு தாளில் எழுதுமாறு செய்யலாம். பெரியவர் கூறிய சொல்லை நூல்வழக்காகத் திருத்தாமல் அவ்வாறே எழுதுதல் இன்றியமையாதது. ‘பானை ஒறி’ என எழுதியவரைத் திருத்த அன்று அருகில் ஆசிரியர் எவரும் இருந்திருப்பின், பேச்சுவழக்கின் சாயல் கொண்ட அவ்வடிவம் நமக்குக் கிடைத்திராது. அதே வேளையில் மண்ணைத் தோண்டும் ஆர்வத்தை மாணவரிடம் தூண்டலாகாது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி அகழாய்வுக்கு உரிமம் வேண்டும். தற்செயலாகக் கிடைக்கும் தொல்பொருளையும் உரிய அதிகாரியிடம் அறிவித்தல் வேண்டும். இடம்பெயர்த்து எடுக்கப்பட்ட மணி அழகுப்பொருளே. இருந்த இடத்தில் காணப்பட்ட மணியே சான்று.

முடிவுரை

உரோமப் பேரரசு பற்றிய நம் அறிவு, கரிந்த ரொட்டியும் உடைந்த எண்ணெய்ச் சாடியும் சேற்றில் கிடந்த மடலும் கிடைத்த பின்னரே முழுமை நோக்கி நகர்ந்தது. அக்குப்பையினூடே கொற்றனும் சாதனும் பெரும்பத்தனும் நமக்குக் கிடைத்தனர். அவர்கள் அரசர் அல்லர். தம் பொருள் தொலையாதிருக்கப் பெயர் எழுதியவர்கள். இலக்கியம் சுட்டிய வணிகத்திற்கு உயிருள்ள மனிதரை அளித்தவை அவ்வெழுத்துகளே.

சிலிம் ரிவர் வட்டாரத்தில் கற்பலகைக் கல்லறையும் இரப்பர்த் தோட்டமும் ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளன. முன்னதை அமைத்தோரின் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியாது. மணிகள் மட்டுமே எஞ்சின. பின்னதில் உழைத்தோரின் பெயர்களை அறிந்தோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது, தமிழாசிரியரும் ஆய்வாளரும் காலம் தாழ்த்தாது ஏற்க வேண்டிய கடமையாகும்.